இஜிஆருக்குத் தகடு அடிப்பதா, கழற்றிக் கழுவுவதா?

அஞ்செட்டியில் இருக்கும் என் மச்சான் போன மாதம் ஒரு பழைய டீசல் ஜீப் வாங்கினான். நாலு சக்கரமும் இழுக்கிற ஃபோர் வீல் டிரைவ் வண்டி. மழைக்காலத்தில் அவன் தோப்புக்குப் போகிற மண் பாதையில் வேறு எதுவும் ஏறாது. வாங்கிய மூன்றாம் நாளே போன் வந்துவிட்டது.

"மாமா, மேட்டுல இழுக்கவே மாட்டேங்குது. பின்னாடி வர்றவனுக்கு ரோடு தெரியாத அளவுக்குக் கரும்புகை. மெக்கானிக் பார்த்துட்டு, இஜிஆர்ல தகடு போட்டு அடைச்சுட்டா எல்லாம் சரியாயிடும்ங்கறாரு. போட்டுடட்டுமா?"

இஜிஆர் என்பது வெளியே போகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள் விடுகிற ஏற்பாடு. தகடு போட்டால் அந்த வழி அடைபடும். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்திருக்கலாம். ஆனால் நானே தகடு போட்டு ஒன்பது மாதம் ஓட்டியவன், அப்புறம் கழற்றியவன். ஏன் போட்டேன், ஏன் கழற்றினேன் என்று விளக்கப் போய் பேச்சு முக்கால் மணி நேரம் நீண்டது. பாலக்கோடு, ராயக்கோட்டைப் பக்கம் டீசல் வண்டி வைத்திருக்கும் பாதிப் பேர் இந்தக் கேள்வியை எப்போதாவது கேட்கிறார்கள். அதனால் எழுதியே வைத்துவிடலாம் என்று தோன்றியது.

முதலில் இந்தச் சாமான் என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். டீசல் எரியும்போது சிலிண்டருக்குள் சூடு 1,500 டிகிரியைத் தாண்டினால், காற்றில் சும்மா இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்துகொள்ளும். அதுதான் நைட்ரஜன் ஆக்சைடு, சுருக்கமாக நாக்ஸ். கண்ணுக்குத் தெரியாது, ஆனால் மூச்சுக்குழாயை எரிக்கும். வெயிலில் மற்ற வாயுக்களோடு சேர்ந்து தரைமட்ட ஓசோனாகவும் மாறும், அது பயிர் இலையை வாட்டும். தக்காளி போடுகிற ஊரில் இருந்துகொண்டு இதை அலட்சியமாக விட முடியாது. இந்த நாக்ஸைக் குறைக்க, வெளியே போகிற புகையில் ஒரு பங்கைத் திருப்பி இன்ஜினுக்குள்ளேயே விடுகிறார்கள். எரிந்து முடிந்த புகையில் ஆக்சிஜன் குறைவு. அது கலந்த காற்றில் தீ அவ்வளவு கொதிக்காது, நாக்ஸும் குறையும். இந்தப் புகையைத் திறந்து மூடுகிற கதவுதான் இஜிஆர் வால்வு. நடுவில் ரேடியேட்டர் தண்ணீர் ஓடுகிற சிறு கூலர் ஒன்று இருக்கும், புகையின் சூட்டைத் தணித்து அனுப்ப.

பட்டறையில் யாரும் சொல்லாத ஒரு விஷயம் உண்டு. அந்தக் கதவு எப்போதும் திறந்திருப்பதில்லை. காலை லேசாக வைத்து ஓட்டும்போதும், சும்மா நின்று ஐட்லிங் ஆகும்போதும்தான் நன்றாகத் திறக்கும். ஆக்சிலரேட்டரை முழுசாக மிதித்தால் வண்டியின் கம்ப்யூட்டர் அதை மூடிவிடும், ஏனென்றால் அப்போது இன்ஜினுக்குக் கிடைக்கிற காற்றெல்லாம் வேண்டும். அதாவது தொப்பூர் கணவாயில் சேலம் பக்கமிருந்து சுமையோடு முக்கி ஏறும்போது, நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் இஜிஆர் ஏற்கெனவே மூடித்தான் இருக்கிறது. மூடியிருப்பதை மறுபடி தகடு போட்டு மூடினால் இழுவை எங்கிருந்து கூடும்?

"இல்லையே, தகடு போட்டதும் என் வண்டி பறக்குதே" என்பார்கள். உண்மைதான், என் வண்டியும் பறந்தது. அதற்கு வருகிறேன்.

கரி எப்படிப் பிடிக்கிறது

திரும்பி வருகிற புகையில் கரித்தூள் இருக்கும். இன்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் ப்ரீதர் குழாய் வழியாக ஆயில் ஆவியும் அதே காற்று வழியில் வந்து சேரும். இரண்டும் கலந்தால் ரோட்டுக்கு ஊற்றுகிற தார் மாதிரி ஒரு பிசின். சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கிற குழாயான மேனிஃபோல்டின் உள்சுவரில் அது படிந்து படிந்து, கட்டைவிரல் போகிற வழி சுண்டுவிரல் அளவுக்குச் சுருங்கிவிடும். வால்வின் கதவிலும் இதே பிசின்தான். ஒருநாள் கதவு முழுசாக மூட முடியாமல் பாதியில் நின்றுபோகும்.

நம் பக்கம் வண்டி ஓடுகிற விதம் இதற்கென்றே செய்தது போலிருக்கும். ராயக்கோட்டை மண்டியில் தக்காளிக் கிரேடு இறக்கும் வரை இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். பர்கூர் பக்கம் கிரானைட் குவாரிப் பாதையில் லோ கியரில் நடை வேகத்தில் மணிக்கணக்கில் போகும். அத்திப்பள்ளி நெரிசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு நகரும். மூன்றிலும் கால் லேசாகத்தான் இருக்கும், இஜிஆர் நன்றாகத் திறந்திருக்கும், புகையில் சூடும் பத்தாது. இது போதாதென்று குவாரிப் புழுதி ஏர் ஃபில்டரை அடைக்கும். காற்று குறைந்தால் கரி இன்னும் கூடும்.

ஆகவே இஜிஆர் அடைத்துக்கொண்டது என்றால் குற்றவாளி அதுவாகவே இருக்க வேண்டியதில்லை. டர்போ தள்ளுகிற காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸில் கண்ணுக்குத் தெரியாத கீறல், சொட்டுகிற இன்ஜெக்டர், ஆறு மாதம் பார்க்காத ஏர் ஃபில்டர் என எதுவும் இருக்கலாம். காரணத்தை விட்டுவிட்டுத் தகடு போடுவது, கூரை ஒழுகுகிறது என்று அடியில் பாத்திரம் வைப்பது மாதிரி.

பழுதிலும் இரண்டு வகை உண்டு. இதைப் பிரித்துப் பார்க்காமல் பட்டறைக்குப் போகாதீர்கள். வால்வு திறந்தே மாட்டிக்கொண்டால் கரும்புகை, செத்த பிக்கப், ஐட்லிங்கில் உதறல். என் மச்சான் வண்டி இந்த ரகம். மூடியே மாட்டிக்கொண்டால் ஓட்டுகிறவருக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. இன்ஜின் சத்தம் கொஞ்சம் கரகரப்பாகும், செக் இன்ஜின் லைட் எரியும். பழுதுக் குறியைப் படிக்கிற ஸ்கேனரில் பி0401 என்று வந்தால் வேண்டிய அளவு புகை திரும்பவில்லை, பி0402 என்றால் அளவுக்கு மேல் திரும்புகிறது என்று பொருள். பி0403 வந்தால் மின்சார இணைப்பைப் பார்க்க வேண்டும். ஒயரை எலி கடித்ததற்கெல்லாம் வால்வு மாற்றியவர்கள் இருக்கிறார்கள்.

தகடு

மலிவில் இதை அடிக்க ஆளில்லை. லேத்தில் ஒரு இரும்புத் தகட்டை வால்வின் பேக்கிங் வடிவத்துக்கு வெட்டி, இரண்டு ஓட்டை போட்டு, பேக்கிங்கோடு சேர்த்து முறுக்கிவிடுவார்கள். சில நூறு ரூபாய், அரை மணி வேலை. காற்று உறிஞ்சலால் திறக்கிற பழைய வேக்யூம் வால்வு வண்டியாக இருந்தால் தகடுகூட வேண்டாம். வேக்யூம் டியூபைக் கழற்றி உள்ளே ஒரு பேரிங் குண்டைத் திணித்து மாட்டிவிட்டால் வால்வு திறக்கவே திறக்காது.

என் வண்டி 2017 கடைசியில் வந்தது, பிஎஸ்-4 (பாரத் ஸ்டேஜ்-4) மாசு விதிப்படி செய்தது. தகடு போட்ட அன்று காரிமங்கலத்திலிருந்து வீடு வரும் வரை சிரித்துக்கொண்டே வந்தேன். புகை இல்லை, கால் வைத்ததும் இழுக்கிறது. நாலாவது நாள் மஞ்சள் லைட் எரிந்தது. மெக்கானிக் தம்பி ஸ்கேனர் போட்டு அழித்துவிட்டு, "ஒண்ணுமில்லண்ணா, லைட்டு மட்டும்தான்" என்றார். அடுத்த வாரம் சேலத்திலிருந்து திரும்பும்போது தொப்பூர் ஏற்றத்தில் வண்டி திடீரென்று அடங்கிவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் மாட்டு வண்டி வேகம். பின்னால் ஏற்றுமதிக் கன்டெய்னர் லாரி ஒன்று ஹாரனை விடாமல் அடிக்கிறது. ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்து, இரண்டு நிமிடம் கழித்துப் போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. அதுதான் லிம்ப் மோடு.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் பிறகுதான் புரிந்துகொண்டேன். வால்வைத் திறக்கச் சொன்னால் உள்ளே புகை வரும், அந்த அளவுக்கு ஃபில்டர் வழியாக வருகிற புதுக் காற்று குறைய வேண்டும் என்று கம்ப்யூட்டருக்குக் கணக்கு உண்டு. ஏர் ஃபில்டரை ஒட்டி இருக்கும் மாஸ் ஏர் சென்சார் அதை அளக்கிறது. தகடு போட்டிருந்தால் வால்வு திறந்தும் காற்று குறையாது. கணக்கு இடிக்கிறது. சில தடவை பார்த்துவிட்டு, ஏதோ உடைந்திருக்கிறது என்று முடிவு செய்து சக்தியைக் குறைத்துக்கொள்கிறது. தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது, பாவம்.

அதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருந்தார்கள். தகட்டின் நடுவில் எட்டு மில்லி ஓட்டை. கொஞ்சம் புகை போனால் கம்ப்யூட்டர் ஏமாந்துவிடும். லைட் எரிவது நின்றது. ஆனால் ஓட்டை வழியாகக் கரியும் வந்தது, முன்பைவிடக் குறைவாக, அவ்வளவுதான். எதற்காகத் தகடு போட்டோமோ அதிலேயே பாதிக்கு இறங்கி வந்துவிட்டோம்.

தகட்டுக்கு ஆதரவாகச் சொல்வதில் எது உண்மை, எது கதை? மேனிஃபோல்டில் புதுக் கரி சேராது என்பது உண்மை. இன்ஜின் ஆயிலில் கரி கலப்பது குறையும் என்பதும் உண்மை. இந்த இரண்டையும் நான் மறுக்க மாட்டேன். டீசல் மிச்சமாகும் என்பது எனக்கு நடக்கவில்லை. டேங்க் நிரப்பி டேங்க் நிரப்பி நோட்டில் எழுதிப் பார்த்தேன், சுமையும் பாதையும் மாறுவதில் வரும் வித்தியாசத்துக்குள்ளேயே அது காணாமல் போனது. எதிர்ப் பக்கத்துக் கதைகளும் உண்டு. இஜிஆரை அடைத்தால் இன்ஜின் உருகிவிடும் என்பார்கள். அப்படி ஒன்றும் இல்லை. சிலிண்டருக்குள் தீயின் உச்சச் சூடுதான் ஏறும், சத்தம் கொஞ்சம் கூர்மையாகும். லேசாக ஓட்டும்போது சைலன்சர் வழியாகப் போகிற புகையின் சூடு குறையக்கூடச் செய்யும், காற்று அதிகம் கலப்பதால். தளியிலும் தேன்கனிக்கோட்டையிலும் மார்கழிக் காலையில் இன்ஜின் சூடேற இன்னும் கொஞ்ச நேரம் பிடிக்கலாம். கூலர் வழியாகப் புகையின் சூடு தண்ணீருக்குப் போவது நின்றுவிடுகிறது அல்லவா.

ஒன்பதாவது மாதம் ரேடியேட்டர் தண்ணீர் குறைய ஆரம்பித்தது. கீழே ஒரு சொட்டு ஈரம் கிடையாது, காலையில் போட்டால் வெள்ளைப் புகை. இஜிஆர் கூலர் உள்ளுக்குள் விட்டிருந்தது. தகடுதான் கூலரைக் கெடுத்தது என்று சொல்ல மாட்டேன், அதற்கு என்னிடம் சான்று இல்லை. ஆனால் தகடு கூலரைக் காப்பாற்றவும் இல்லை. என் தகடு இன்டேக் பக்கம் இருந்தது. புகை கூலர் வரை வந்து முட்டிக்கொண்டு நின்றது, தண்ணீர் அதன் பாட்டுக்கு ஓடியது. கூலர் ஒழுகலைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 2018-ல் தென் கொரியாவில் பிஎம்டபிள்யூ டீசல் கார்கள் வரிசையாகத் தீப்பிடித்தபோது கண்டுபிடித்த காரணம் இதுதான்: இஜிஆர் கூலரிலிருந்து கசிந்த கூலன்ட், ஆயிலோடும் கரியோடும் சேர்ந்து படிந்து, சூடான புகை பட்டுப் பற்றிக்கொண்டது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கார்களைத் திரும்ப அழைத்தார்கள். தண்ணீர் குறைகிறது, எங்கே போகிறதென்று தெரியவில்லை என்றால், தகடா கழுவலா என்று யோசிக்கும் முன் கூலரைக் கழற்றிக் காற்றழுத்தம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள்.

சாஃப்ட்வேர்

தகடு போட்டாலும் லைட் எரியக் கூடாது என்பவர்களுக்கு அடுத்த கடை ரீமேப். லேப்டாப்பை மாட்டி, கம்ப்யூட்டருக்குள்ளேயே இஜிஆர் கணக்கை அழித்துவிடுவார்கள். ஒழுங்காகச் செய்தால் லைட்டும் வராது, லிம்ப் மோடும் வராது. சுத்தமான வேலை என்று பார்த்தால் தகட்டைவிட இதுதான் சுத்தம். என் தயக்கம் வேறு. ஃபைலை எழுதியவர் இஜிஆரோடு வேறு எதை நோண்டினார் என்று உங்களுக்குத் தெரியாது. நாளைக்குக் கம்பெனி சர்வீஸில் புது சாஃப்ட்வேர் ஏற்றினால் கொடுத்த காசு காற்றில் போகும். பழைய ஃபைலைப் பென் டிரைவில் வாங்கி வைத்துக்கொள்ளாமல் வண்டியைக் கொடுத்தவர்கள், திரும்பப் பழையபடி மாற்ற அலைந்ததைப் பார்த்திருக்கிறேன்.

சட்டத்தைப் பொறுத்தவரை தகடும் ரீமேப்பும் ஒன்றுதான். மோட்டார் வாகனச் சட்டம், 1988-ன் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம் வரை சிறை. காற்று மாசு விதியை மீறி ஓட்டினால் 190(2)-ன்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ வரலாம், லைசென்ஸும் மூன்று மாதத்துக்கு முடக்கப்படும். இங்கே எழுதினால்தான் நியாயம் என்பதால் இன்னொன்றையும் எழுதுகிறேன். பொல்யூஷன் சர்டிபிகேட் எடுக்கும் இடத்தில் டீசல் வண்டிக்கு அளப்பது புகையின் கருமையை மட்டும்தான். நாக்ஸை அங்கே யாரும் அளப்பதில்லை. தகடு போட்டால் கரும்புகை குறைவதால் சோதனையில் இன்னும் நன்றாகவே தேறும். "பாரு, சர்டிபிகேட்டே கொடுத்துட்டான்" என்று காட்டுகிறவர்கள் இந்தச் சந்தில்தான் நடக்கிறார்கள். 2015-ல் ஃபோக்ஸ்வாகன் மாட்டியதும் இதே சந்தில்தான். சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் நாக்ஸைக் குறைத்து, ரோட்டுக்கு வந்ததும் அவிழ்த்துவிடுகிற சாஃப்ட்வேர்.

வீடியோக்களில் ஆஸ்திரேலியக்காரர்கள் பாலைவனத்தில் ஓட்டுகிற டீசல் ஜீப்புக்குத் தகடு போட்டுக் காட்டுவதைப் பார்த்துவிட்டு, அங்கே இது அனுமதி என்று நினைக்க வேண்டாம். மாசுக் கட்டுப்பாட்டுச் சாமானைச் செயலிழக்கச் செய்வது அங்கேயும் சட்ட விரோதம்தான்.

கழற்றிக் கழுவுவது

கூலர் மாற்றக் கழற்றியதும், எல்லாம் வெளியே வந்துவிட்டதே என்று மேனிஃபோல்டையும் இறக்கச் சொன்னேன். அன்றுதான் எனக்குக் கண் திறந்தது. தகடு போட்டு ஒன்பது மாதம் ஆகியும், அதற்கு முன்னால் படிந்த கரி அப்படியே உட்கார்ந்திருந்தது. தகடு புதிதாக வருவதைத்தான் குறைத்தது. பழையதை எடுக்க அதற்குக் கையா இருக்கிறது?

வேலை சுலபம், நேரம்தான் பிடிக்கும். ஒரு முழு நாள் வையுங்கள். மேனிஃபோல்டிலிருந்து சென்சார்களையெல்லாம் எடுத்துவிட்டு, டீசலிலோ மண்ணெண்ணெயிலோ ராத்திரி முழுக்க ஊறப்போட்டால் காலையில் மரக்குச்சியாலேயே வழித்து எடுக்கலாம். நாங்கள் எடுத்த கரி ஒரு பெயின்ட் டப்பாவில் கால்வாசி இருந்தது. வால்வை அப்படி ஊறப்போடக் கூடாது. மின்சார வால்வாக இருந்தால் அதற்குள் மோட்டாரும் பிளாஸ்டிக் பல்சக்கரமும் இருக்கும். கதவுப் பக்கத்தை மட்டும் கீழே தொங்கவிட்டு, கார்ப் கிளீனர் அடித்து, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். மாட்டிக்கொண்ட கதவை ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பல் உடையும், கழுவ வந்தவர் புது வால்வு வாங்கிக்கொண்டு போவார். மேனிஃபோல்டில் செருகியிருக்கும் பிரஷர் சென்சாரின் மூக்கிலும் கரி அடைத்திருக்கும். அதை மறந்துவிட்டு, கழுவியும் பிக்கப் வரவில்லையே என்று திரும்பி வருகிறவர்கள் உண்டு. சிலிண்டர் ஹெட்டின் வாய்களைச் சுரண்டும்போது துணி திணித்துக்கொள்ளுங்கள், கட்டிக் கரி உள்ளே விழக் கூடாது.

திரும்ப மாட்டும்போது பேக்கிங் கண்டிப்பாகப் புதிது. மாட்டியதும் ஸ்கேனரில் வால்வின் மூடிய நிலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும். கரியோடு இருந்தபோது எங்கே நின்றதோ அதையே மூடிய நிலை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டிருக்கும். சில வண்டிகள் சாவியை அணைத்ததும் தானாகவே கற்றுக்கொள்ளும், சிலவற்றுக்குச் சொல்ல வேண்டும். மெக்கானிக்கிடம் இதைக் கேட்டுப் பாருங்கள், அவர் முழிக்கிற விதத்திலேயே ஆளைத் தெரிந்துகொள்ளலாம்.

கழற்றாமல், ஓடுகிற இன்ஜினின் காற்றுக் குழாயில் ஸ்ப்ரே அடிக்கிற குறுக்கு வழியும் ஒன்று இருக்கிறது. கவனமாக, கொஞ்சமாக அடித்தால் லேசான கரி போகலாம். விரல் கனத்துக்குப் படிந்த பிசினுக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஆர்வக் கோளாறில் நிறைய அடித்தால் டீசல் இன்ஜின் அந்த ஸ்ப்ரேயையே எரிபொருளாகக் குடித்துக் கட்டுக்கு அடங்காமல் ரேஸ் ஆகும். சாவியைத் திருப்பினாலும் நிற்காது. வேண்டாம்.

எல்லாம் மாட்டி, தகட்டை எடுத்துவிட்டு ஓட்டிப் பார்த்தேன். தகடு போட்ட அன்று இருந்த அதே இழுவை. லைட் இல்லை. தொப்பூர் ஏற்றத்தில் இரண்டு முறை வேண்டுமென்றே போய் வந்தேன், அடங்கவில்லை. அப்போதுதான் புரிந்தது. தகடு போட்டதும் வண்டி பறந்தது, இஜிஆர் இல்லாததால் அல்ல, திறந்தே மாட்டிக்கொண்ட வால்வு இல்லாததால். நோயாளியையும் செத்தவனையும் ஒப்பிட்டுவிட்டு, செத்தவன் இருமுவதில்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஒப்பிட்டிருக்க வேண்டியது ஆரோக்கியமானவனோடு.

புது வால்வைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மோட்டார் எரிந்திருந்தால், பல் தேய்ந்திருந்தால், கழுவியும் ஆறு மாதத்துக்குள் மறுபடி மாட்டிக்கொண்டால் வாங்கித்தான் ஆக வேண்டும். வண்டியைப் பொறுத்துப் பத்தாயிரத்தைச் சுலபமாகத் தாண்டும். பெங்களூரில் பழைய சாமான் கடைகளில் பாதி விலைக்குக் கிடைப்பது, வேறொருவருக்குக் கெட்டுப்போனது என்பதால் கழற்றப்பட்டதாகவும் இருக்கலாம். பெட்டியில் வருவதிலும் போலி உண்டு. மேனிஃபோல்டைக் கழுவாமல் வால்வை மட்டும் மாற்றுவதும் வீண்.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டியா?

அப்படியானால் மேலே எழுதிய தகட்டுக் கதையை மறந்துவிடுங்கள். பிஎஸ்-4 டீசல் காருக்குக் கிலோமீட்டருக்கு 0.25 கிராம் நாக்ஸ் என்று இருந்த வரம்பு, 2020 ஏப்ரலில் வந்த பிஎஸ்-6-ல் 0.08 கிராம் ஆனது. அதை எட்ட இஜிஆரோடு இன்னும் இரண்டு மூன்று சாமான்களைக் கோர்த்துவிட்டார்கள். சைலன்சர் வழியில் கரியைப் பிடிக்கும் ஃபில்டரான டிபிஎஃப், நாக்ஸைப் பிடிக்கும் கேட்டலிஸ்ட், சில வண்டிகளில் யூரியா கரைசல் டேங்க். எல்லாம் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டே வேலை செய்கின்றன. இஜிஆரில் பழுதுக் குறி விழுந்தால் பல வண்டிகளில் டிபிஎஃப் தன்னைத்தானே எரித்துச் சுத்தம் செய்துகொள்வதை கம்ப்யூட்டர் நிறுத்தி வைத்துவிடும். சில நூறு கிலோமீட்டரில் டிபிஎஃப் அடைத்துக்கொள்ளும். புது டிபிஎஃப் விலையைக் கேட்டுவிட்டு வந்து தகட்டின் விலையோடு வைத்துப் பாருங்கள். வாரன்டி இருந்தால் அதுவும் போகும். "அப்ப டிபிஎஃப்பையும் சேர்த்து வெட்டி எடுத்துடலாம்" என்று அடுத்த யோசனை வரும். வந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எதுவுமே செய்யாமல் ஓட்டுவதும் ஒரு வழிதானே என்று என் சித்தப்பா கேட்டார். வால்வு மூடி மாட்டியிருந்தால் கொஞ்ச நாள் தள்ளலாம். திறந்து மாட்டியிருந்தால் ஒவ்வொரு நாளும் கரி சேர்கிறது, டர்போவும் அதே கரும்புகையில்தான் சுற்றுகிறது.

இன்று கேட்டால் என் வரிசை இப்படி. கரும்புகை என்றால் முதலில் ஏர் ஃபில்டர், ஹோஸ் கீறல், இன்ஜெக்டர். அதற்கே பாதி வண்டிகள் தேறிவிடும். தேறாவிட்டால் வால்வையும் மேனிஃபோல்டையும் கழற்றிக் கழுவுதல். வால்வு செத்திருந்தால் புதிது. அதற்குப் பிறகு கரி சேராமல் பார்த்துக்கொள்ள ஆயிலை நேரத்துக்கு மாற்றுவது, மண்டியில் நிற்கும்போது இன்ஜினை அணைப்பது, வாரம் ஒரு தடவையாவது கிருஷ்ணகிரி ஹைவேயில் அரை மணி நேரம் காலை அழுத்தி ஓட்டுவது. ப்ரீதர் குழாயில் ஆயில் பிடிக்கும் டப்பா ஒன்று வைத்திருக்கிறேன், மாதம் ஒரு முறை அதில் சேர்வதைப் பார்த்தால் இத்தனையும் இன்ஜினுக்குள் போயிருக்குமா என்று இருக்கும். கழுவி இரண்டரை வருடம் ஆகிறது. போன மாதம் ஹோஸைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன், மெல்லிய படலம்தான்.

காட்டுக்குள் இருக்கும்போது வால்வு திறந்து மாட்டி, வண்டி நகரவே மறுத்தால்? அப்போது மட்டும், வீடு வந்து சேரும் வரை, ஒரு தகடு உதவும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். சித்தேரி மலையிலிருந்து ராத்திரியில் இறங்க வேண்டியவருக்கு நான் சட்டப் பிரிவு வாசிக்க மாட்டேன். அடுத்த வாரம் கழற்றிவிடுங்கள், அவ்வளவுதான்.

மச்சான் வண்டி ஞாயிற்றுக்கிழமை இங்கே வருகிறது. மேனிஃபோல்டு பேக்கிங் செட்டை முன்னாலேயே வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன். போன தடவை எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிட்டு அந்த ஒரு பேக்கிங்குக்காக ஓசூர் வரை பஸ்ஸில் போனேன்.